இரண்டு காதும் இரண்டு பெட்டியும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





சென்ற கூட்டம் முடிந்து நாம் வாயிலில் நின்றபோது இளைஞர் ஒருவர் தமது தகப்பனாருடன் எம்மை அணுகினார். வேலைக்குச் சேர்ந்தபின் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் கையில் இருப்பதாகவும், வீட்டுக் கணினிக்கு நல்ல ஒலிபெருக்கி வாங்க விரும்புவதாகவும், எதை வாங்கலாமென்றும் கேட்டார். அவர் பேசி முடிக்குமுன் தகப்பனார் குறுக்கிட்டு, "எனக்குப் பாட்டுக் கேட்க வேணும், இவனுக்கு விளையாட வேணும். இரண்டுக்கும் ஒன்று போதுமோ, அல்லது காசு இரண்டு வழியாய்ப் போகுமோ?" என்றார். வாயிலில் நின்று ஒரு வார்த்தையில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று அது. ஆகவேதான் இன்றைய உரைக்கு அதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இதைப்பற்றிப் பேச எமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஏமாந்தவன் என்ற தகுதியே முதலாவது தகுதி. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் இத்தகைய ஒரு தொகுதியை வாங்கினோம். உள்ளங்கை அளவான ஐந்து சிறு பெட்டிகள். அவற்றோடு தரையில் வைக்கும் பெரிய பெட்டி ஒன்று. அட்டைப் பெட்டியின்மேல் 1000 வாற்று என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஐந்து பெட்டி இரண்டிலும் மேலன்றோ என்று எண்ணிக் காசைக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து பூட்டிய பின்னரே சங்கடம் தெரிந்தது. பின்னால் வைக்கவேண்டிய இரண்டு பெட்டிகளுக்கும் வயர் எட்டவில்லை. அவை அலுமாரியின் மேல் ஏறின. பெரிய பெட்டி அறை மூலையில் இருந்து முழங்கியது. பாடகரின் சொல் ஒன்றும் தெளிவாக விழவில்லை. மூன்றாம் நாள் இரவு, வேலிக்கு அப்பால் வசிக்கும் அம்மையார் வந்து, "தம்பி, பிள்ளைக்கு அடுத்த கிழமை உயர்தரப் பரீட்சை, சுவரெல்லாம் அதிருது" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கோபித்திருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டோம். அன்றிலிருந்துதான் ஒலி என்பது என்ன, காது அதை எப்படிக் கேட்கிறது என்று படிக்கத் தொடங்கினோம்.

படித்ததன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டியின் தொகையையும் வாற்றுக் கணக்கையும் பார்த்து வாங்காதீர்கள். நல்ல பெட்டி இரண்டை வாங்கி, அவற்றை வைக்கவேண்டிய இடத்தில் வையுங்கள். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் வீட்டில் வேண்டியதில் பெரும்பங்கு அதனாலேயே கிடைத்துவிடும். ஏன் அப்படி என்பதை இனி ஆராய்வோம்.

இன்று நாம் காணும் ஒலிபெருக்கி ஏறக்குறைய நூறாண்டு வயதுடையது. காந்தத்தின் இடையே தொங்கும் கம்பிச்சுருள் ஒரு கடதாசிக் கூம்பை அசைத்துக் காற்றில் ஒலி எழுப்பும் முறையை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். அதே ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே எமது கொழும்பு வானொலியும் ஒலிபரப்பைத் தொடங்கியது என்பது பெரியோர்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒற்றுமை. அக்காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி. பாட்டும் செய்தியும் ஒரே துவாரத்தின் வழியாக வந்தன.

1931ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலன் புளும்லைன் என்னும் பொறியியலாளர் இதில் ஒரு குறையைக் கண்டார். படமாளிகைத் திரையில் நடிகர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடக்கிறார். குரலோ ஒரே இடத்திலிருந்து வருகிறது. இது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. இரண்டு வழியாக ஒலியைப் பதிந்து இரண்டு பெட்டியால் ஒலிக்கச் செய்யும் முறைக்கு அவர் அவ்வாண்டே காப்புரிமை கோரினார். இதனையே ஸ்டீரியோ என்கிறோம். இம்முறையில் அமைந்த இசைத்தட்டுகள் 1958ஆம் ஆண்டளவில் கடைகளுக்கு வந்தன. அன்று தொடங்கி இன்றுவரை வெளிவரும் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு பெட்டிக்காகவே கலந்து அமைக்கப்படுகின்றன. பாட்டைக் கேட்க ஐந்து பெட்டி வேண்டுமென்பது, இருவர் எழுதிய கடிதத்தைப் படிக்க ஐவரை அழைப்பது போன்றது.

கணினியின் கதை வேறு. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியில் 'பீப்' என்று கத்தும் சிறு ஒலிபெருக்கி ஒன்றே இருந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலியட்டையை வெளியிட்ட பின்னரே வீட்டுக் கணினியில் பேச்சும் இசையும் கேட்கும் வழக்கம் பரவியது. இன்று அந்த அட்டையின் வேலையைக் கணினியின் தாய்ப்பலகையே செய்துவிடுகிறது. தனி அட்டை வாங்க வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. அந்தக் காசையும் பெட்டியிலேயே போடலாம்.

இனிக் காதின் வேலையைப் பார்ப்போம். வலப்பக்கத்தில் ஒருவர் கை தட்டினால் அவ்வொலி வலக்காதை முதலில் அடைகிறது; இடக்காதைச் சற்றுப் பிந்தி அடைகிறது. இந்த வித்தியாசம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதோடு தலை மறைப்பதனால் இடக்காதில் ஒலி சற்றுத் தணிந்தும் விழுகிறது. இவ்விரண்டையும் கொண்டே மூளை திசையை அறிகிறது. முன்னா பின்னா என்பதைப் பிரித்தறிய வெளிக்காதின் மடிப்புகள் துணை செய்கின்றன.

பாட்டுக் கேட்பவருக்குத் திசை அழகுக்காக வேண்டும்: பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று மேடை கண்முன் விரியும். விளையாடுபவருக்கோ அது வெற்றி தோல்விக்காக வேண்டும். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' போன்ற விளையாட்டுகளில் எதிரியின் காலடி எப்பக்கம் கேட்கிறதென்று அறியாதவன் அடுத்த கணம் வீழ்ந்துவிடுவான். இருவருடைய தேவையும் வேறு. எனினும் இருவருக்கும் அடிப்படை ஒன்றே. இடமும் வலமும் தெளிவாகப் பிரிந்து ஒலிக்க வேண்டும்; மனிதக் குரலுள்ள நடுப்பகுதி மங்காதிருக்க வேண்டும்.

அப்படியாயின் பின்னால் வரும் காலடிக்கு என்ன செய்வது என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னாலுள்ள இரண்டு பெட்டியால் பின்திசையை உண்மையாகக் காட்டல் அரிது. அதற்கு இரண்டு வழி உண்டு. ஐந்து பெட்டியும் ஒரு சப்வூபரும் கொண்ட தொகுதி ஒன்று. நல்ல ஹெட்போன் மற்றொன்று. ஐந்து பெட்டிக்கு இடம் வேண்டும். நாற்காலி அறையின் நடுப்பக்கமாக இருக்க, பின்பெட்டிகள் இரண்டும் கேட்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்னே நிற்க வேண்டும். எமது வீடுகளில் கணினி மேசை சுவரோடு ஒட்டியிருக்கும். பின்னால் கட்டிலோ அலுமாரியோ இருக்கும். பெட்டி அலுமாரியில் ஏறினால் கணக்குப் பிழைத்துவிடும். ஆனால் ஹெட்போனுக்கு இடம் வேண்டியதில்லை. இக்கால விளையாட்டுகள் பல, வெளிக்காதின் மடிப்பு செய்யும் மாற்றத்தைத் தாமே கணக்கிட்டு ஹெட்போனுக்கு அனுப்புகின்றன. ஆகையால் போட்டியாக விளையாடுபவருக்கு அதுவே சிறந்தது. அயலாருக்கும் அதுவே உபகாரம்.

அடுத்து வாற்றுக் கணக்கு. பேச்சுக் குரலின் உரப்பு ஏறக்குறைய 60 தெசிபெல். நடுத்தரமான ஒரு பெட்டிக்கு 1 வாற்று கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 85 தெசிபெல் தரும். 10 வாற்று கொடுத்தால் 95. 100 வாற்று கொடுத்தால் 105. பத்து மடங்கு வாற்று கூட்டினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உரப்பாகவே தோன்றும். மேசை முன் ஒரு மீற்றருக்குள் இருப்பவருக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் பத்து இருபது வாற்று உண்மையாக இருந்தால் தாராளம். 'உண்மையாக' என்ற சொல்லைக் கவனிக்கவும். பெட்டியில் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பது தொடர்ந்து தரக்கூடிய வலு. பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பதற்கு யாவரும் ஒப்பிய அளவுமுறை எதுவும் இல்லை. விற்பவரின் துணிவே அளவு.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. தொகுதியோடு வரும் அடப்டரைப் புரட்டிப் பாருங்கள். 12 வோல்ற்று, 2 அம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 24 வாற்று. இருபத்து நான்கு வாற்றை வாங்கும் பெட்டி ஆயிரம் வாற்றை எங்கிருந்து தொடர்ந்து கொடுக்கும்? அடப்டர் இல்லாது நேரே மின்சாரத்தில் பூட்டும் பெட்டியானால் அதன் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எமது 1000 வாற்றுத் தொகுதியின் பின்புறத்தை நாம் வாங்கிய பின்னரே பார்த்தோம். நீங்கள் வாங்குமுன் பாருங்கள்.

எமது பாடகரின் சொல் ஏன் மங்கியது என்பதற்கும் காரணம் பின்னர் விளங்கியது. உள்ளங்கை அளவான கூம்பு தாழ்ந்த ஒலியை எழுப்ப மாட்டாது. ஆண் குரலின் அடிப்பகுதி விநாடிக்கு நூறு அதிர்வை அண்டியது. அதனைச் சிறு பெட்டிகள் கைவிட, மூலையில் இருந்த பெரிய பெட்டி எடுத்துக்கொண்டது. பாடகரின் நெஞ்சு ஒரு மூலையிலும் நாவு மேசையிலும் பிரிந்து நின்றால் பாட்டு எப்படி இருக்கும்? விநாடிக்கு 80 அதிர்வுக்குக் குறைந்த ஒலியின் அலை நான்கு மீற்றருக்கு மேல் நீளமானது. அது வரும் திசையைக் காது எளிதில் அறியாது. சப்வூபர் அந்த எல்லைக்குக் கீழே மட்டும் வேலை செய்தால் குற்றமில்லை. அதற்கு மேலும் ஏறிவந்து பேசத் தொடங்கினாலே கெடுதி. எனவே நான்கு அல்லது ஐந்து அங்குலக் கூம்பும், மேலே உயர்ந்த ஒலிக்குச் சிறு கூம்பும், உள்ளேயே பெருக்கியும் பொருந்திய பெட்டி இரண்டைத் தேடுங்கள். புத்தகத் தட்டில் வைக்கும் அளவில் இவை கிடைக்கும். விளையாட்டின் வெடியொலி போதாதென்று ஆறு மாதம் கழித்தும் தோன்றினால் அப்போது சப்வூபர் சேர்க்கலாம். திரையின் கீழ் வைக்கும் நீண்ட ஒற்றைப் பெட்டியை இடமில்லாதவர் வாங்கலாம். ஆனால் அதன் இடமும் வலமும் நெருங்கி நிற்பதால் மேடை சுருங்கிவிடும் என்பதை அறிந்து வாங்குக.

கடைக்குப் போகும்போது நீங்கள் பலமுறை கேட்ட பாட்டு ஒன்றைக் கைத்தொலைபேசியில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அவருடைய பெட்டிக்கு ஏற்றதாகவே இருக்கும். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் வேறு வேறாகக் கேட்கின்றனவா? ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறதா? நாதஸ்வரம் உச்சத்தில் ஏறும்போது காது கூசுகிறதா? பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவே நிற்கிறாரா? இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது உரப்பைச் சமப்படுத்திக் கேளுங்கள். சற்று உரத்து ஒலிப்பதே நல்லதென்று காது ஏமாறும்.

வாங்கியபின் செய்யவேண்டியதே பாதி வேலை; அதற்குக் காசு செலவில்லை. இரண்டு பெட்டிக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொரு பெட்டிக்கும் உங்கள் தலைக்கும் உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். அஃதாவது சமபக்க முக்கோணம். மேலுள்ள சிறு கூம்பு காதின் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் பெட்டியின் கீழ் மரத்துண்டு வைத்து உயர்த்துங்கள், அல்லது காதை நோக்கிச் சரியுங்கள். மூலையில் தள்ளாதீர்கள், சுவரும் மூலையும் அடியொலியைப் பெருக்கிச் சொல்லை மறைக்கும். பின்னால் துவாரமுள்ள பெட்டியானால் சுவரிலிருந்து ஒரு சாணாவது விலக்குங்கள். இடம் வலம் மாறாதிருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் விண்டோஸ் அமைப்பில் ஐந்து பெட்டி என்று குறித்துவிட்டு இரண்டைப் பூட்டினால் நடுப்பெட்டிக்குரிய பேச்சு தொலைந்துபோகக் கூடும். அங்கே ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். பழைய ஐந்தில் மூன்றைக் கழற்றி, முன்னிரண்டை இவ்வாறு வைத்து, பெரிய பெட்டியை மூலையிலிருந்து மேசையின் கீழ்க் கொண்டுவந்து குறைத்தபோது, அதே தொகுதியிலிருந்து பாட்டின் சொல் எமக்கு முதன்முதலாகக் கேட்டது.

வயர் தொல்லை என்று புளூரூத்தை நாடுவோர் பலர். பாட்டுக்கு அது தகும். படத்துக்கும் தகும், ஒலி பிந்துவதற்கு ஏற்பப் படத்தையும் இயக்கி பிந்தச் செய்யும். விளையாட்டில் அது இயலாது. வழக்கமான புளூரூத் ஒலி பத்தில் ஒரு பங்கு விநாடியோ அதற்கு மேலோ பிந்துகிறது. சுட்ட பின் சத்தம் வரும். ஆகையால் விளையாட்டுக்கு வயரே துணை. இடி மின்னல் வேளையில் ஒலிபெருக்கியையும் கணினியையும் சுவர்ச் செருகியிலிருந்து கழற்றி வைக்க மறக்கவேண்டாம்.

இனி யாவற்றிலும் பெரிய விடயத்துக்கு வருகிறோம். பெட்டி கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால் வாங்கக் கடையில்லை. 80 தெசிபெல் உரப்பை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு எல்லை வகுத்துள்ளது. உரப்பு 90 தெசிபெல் ஆனால் அந்த நாற்பது வெறும் நான்கு மணித்தியாலமாகச் சுருங்கும். ஹெட்போன் அணிந்து இரவிரவாக விளையாடும் இளைஞர்கள் இக்கணக்கை மனத்திற் பதிக்க வேண்டும். அருகில் நின்று அழைத்தால் கேட்காத உரப்பு அளவுக்கு மிஞ்சிய உரப்பென்று கொள்க. அடியொலி சுவரைக் கடந்து அயல்வீட்டுக்குச் செல்லும். அங்கே நோயாளி இருக்கலாம், குழந்தை இருக்கலாம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். எம்மிடம் வந்த அம்மையார்போல் எல்லோரும் வந்து சொல்லமாட்டார்கள்.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கும் மகனுக்கும் எமது விடை இது. ஒன்று போதும், காசு இரண்டு வழியாய்ப் போக வேண்டியதில்லை. கையிலுள்ளதைப் பத்துப் பங்காக்கி, ஏழு பங்குக்கு நல்ல பெட்டி இரண்டு வாங்குங்கள். இரண்டு பங்குக்கு இரவு விளையாட்டுக்கான ஹெட்போன். மிஞ்சிய ஒரு பங்கு வயருக்கும், பெட்டியை உயர்த்தும் மரத்துண்டுக்கும் போதும்.

ஒன்று மட்டும் பெட்டியால் தீராது. முக்கோணத்தின் முனையில் ஒரு நாற்காலிக்கே இடமுண்டு. மாலையில் தகப்பனார் பாட்டுக் கேட்க வரும்போது மகன் எழுந்து அந்நாற்காலியைக் கொடுக்கட்டும். மகன் விளையாடும்போது தகப்பனாரும் ஒருநாள் அதில் அமர்ந்து, இதில் என்ன இருக்கிறதென்று ஹெட்போனை மாட்டிப் பார்க்கட்டும். பின்னால் காலடி கேட்டு அவர் திரும்பிப் பார்ப்பாரென்றே நம்புகிறோம்.